கடற்கரைக்கு இப்போதே போகலாமா? சுங்கை சிப்புட்டிலிருந்து நான்கு இடங்களுக்கும் ஒரு கணக்கு

இது 2021 அக்டோபரில் போட்ட கணக்கு; இதில் வரும் விதி, விலை, தேதி எல்லாம் அப்போதையவை. கோவிட் பரவலால் மூடியிருந்த மலேசிய மாநில எல்லைகள் அந்த அக்டோபர் 11-ஆம் தேதி திறந்தன. அதற்குள் நாட்டில் பெரியவர்களில் 90 விழுக்காட்டினருக்குக் கோவிட் தடுப்பூசி முழுமையாகப் போட்டாகிவிட்டது. ஊசி முடித்தவர்கள் போலீஸ் பெர்மிட் இல்லாமல் மாநிலம் விட்டு மாநிலம் போகலாம் என்று ஆனது. 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள், ஊசி முடித்த பெற்றோரோடு போக முடிந்தது. அன்றிலிருந்து பேராக்கின் சுங்கை சிப்புட் டவுனிலும் எல்பில், ஹேவுட் தோட்டங்கள் பக்கமும் ஒரே கேள்விதான்: ஒன்றரை வருஷமாக வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்ட எங்கே போவது? தெலுக் பாத்தேக்கா, பங்கோரா, பினாங்கா, லங்காவியா? அல்லது இன்னும் கொஞ்சம் பொறுப்பதா?

இடத்தைப் பேசுவதற்கு முன் எதை வைத்து அளப்பது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். பலர் ஹோட்டல் வாடகையையும் தூரத்தையும் மட்டும் பார்க்கிறார்கள். இந்த வருஷம் அந்த இரண்டும் போதாது.

எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், மூடிய காற்று. மணலிலும் கடல்நீரிலும் கோவிட் தொற்றிக்கொள்ளும் என்று பயப்பட வேண்டியதில்லை. திறந்த வெளியில், காற்று அடிக்கும் இடத்தில், குடும்பம் குடும்பமாகத் தள்ளி உட்கார்ந்தால் ஆபத்து மிகக் குறைவு. ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் அடைத்த இடத்தில் இழுப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. நெரிசல், குறுகிய இடம், நெருங்கிய பேச்சு என்று சுகாதார அமைச்சு மூன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தது இதனால்தான். ஆகவே ஒவ்வொரு பயணத்திலும், வேற்று வீட்டு ஆட்களோடு அடைத்த இடத்தில் எத்தனை நிமிடம் இருக்கப் போகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். பெர்ரி, ரயில், லிஃப்ட், ஏசி உணவகம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

இதில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மூன்று வீடு சேர்ந்து ஒரு வேன் பிடித்துப் போவோம். ஆளுக்கு இருபது, முப்பது வெள்ளி (ரிங்கிட்) போட்டால் செலவு முடிந்துவிடும், வழியெல்லாம் பாட்டும் பேச்சுமாகப் போகும். இப்போதைக்கு அதைத் தவிருங்கள். பதின்மூன்று பேர் இரண்டு மணி நேரம், ஜன்னல் ஏற்றி, ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் வைத்துக்கொண்டு, சத்தமாகப் பேசிச் சிரித்துப் போனால், கடற்கரையில் நாள் முழுக்கத் தள்ளித் தள்ளி உட்கார்ந்தும் பயனில்லை. வேறு வழியே இல்லையென்றால், காடிக்குள் (காருக்குள்) அம்புக்குறி வட்டமாக வளையும் பொத்தானை அணைத்து வெளிக்காற்று வர விடுங்கள். முன் ஜன்னல் ஒன்றையும் அதற்கு எதிர்மூலையில் பின் ஜன்னல் ஒன்றையும் இரண்டு விரல் அகலத்துக்கு இறக்குங்கள். எல்லாரும் முகக்கவசம் போட்டிருக்க வேண்டும், தின்பண்டத்தை இறங்கிய பிறகு பிரிக்கலாம். ஒரு வீட்டுக்கு ஒரு காடி என்பதுதான் சரியான ஏற்பாடு.

இரண்டாவது, போன இடத்தில் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பது. இரண்டாம் நாள் காலையில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து, சோதனையில் இரண்டு கோடு விழுந்துவிட்டது என்று வையுங்கள். 2021-இல் தொற்று உறுதியானால் 10 நாள் தனிமை என்பது விதி. கூட வந்தவர்களும் நெருங்கிய தொடர்பு என்ற கணக்கில் அடைபட வேண்டியிருந்தது. சொந்தக் காடியில் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்தால், மாவட்டச் சுகாதார அலுவலகத்தை அழைத்து, அவர்கள் சொல்கிறபடி வீட்டுக்கே வந்து தனித்திருக்க ஏற்பாடு கேட்கலாம். பெர்ரி ஏறிப் போன தீவில் அந்த வசதி கிடையாது, தொற்றுள்ளவரைப் பெர்ரியில் ஏற்றவும் கூடாது.

மூன்றாவதுக்குத்தான் எல்லாவற்றையும் விட எடை அதிகம்: திரும்பி வரும் வீட்டில் யார் இருக்கிறார்கள்? இரண்டு அறை வீட்டில் பாட்டி, தாத்தா, மகன், மருமகள், மூன்று பிள்ளைகள் என்று இருப்பதுதான் நம் பக்கம் சாதாரணம். இனிப்புநீர் (நீரிழிவு), இரத்தக் கொதிப்பு இல்லாத பெரியவர்கள் குறைவு. 12 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு 2021 அக்டோபரில் ஊசியே வரவில்லை. பயணத்தை முடிவு செய்ய வேண்டியது, வீட்டில் யாருக்கு நோய் வந்தால் தாங்காதோ அவருடைய நிலைமை. பாட்டிக்கு இரண்டாவது ஊசி போட்டு 14 நாள் ஆகிவிட்டதா, ஒரே ஊசி வகை என்றால் 28 நாள் ஆகிவிட்டதா என்று மைசெஜாத்தரா செயலியில் பாருங்கள். ஆகவில்லையென்றால் கீழே உள்ள எதையும் இந்த மாதம் யோசிக்க வேண்டாம்.

நான்காவது, கண்ணுக்குத் தெரியாத செலவு. சுயமாகச் செய்யும் கோவிட் விரைவுச் சோதனைக் (ஆர்டிகே) கருவிக்கு 2021 செப்டம்பர் 5 முதல் உச்ச விலை 19.90 வெள்ளியாக இருந்தது. அதற்குக் கீழும் பார்மசிகளில் கிடைத்தது. ஐந்து பேர் குடும்பம், போகுமுன் ஒரு முறை, வந்தபின் ஒரு முறை என்றால் உச்ச விலையில் 199 வெள்ளி. இது பெட்ரோலை விட அதிகம். அடுத்தது கூலி. மாதம் 1,200 வெள்ளி வாங்குபவருக்கு 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 46 வெள்ளி. பத்து நாள் தனிமையில் ஒன்பது வேலை நாள் போனால் 415 வெள்ளி. மருத்துவச் சான்றோடு சம்பள விடுப்பு கிடைக்கிறவர்களுக்கு இது இடிக்காது. ஒப்பந்தக்காரரிடம் நாள் கூலிக்குத் தோட்டத்தில் வெட்டு வேலைக்குப் போகிறவருக்கும், டவுனில் ஒட்டுக்கடை போட்டிருப்பவருக்கும் அப்படியே கைப்பணம் போகும்.

இதோடு ஒன்று. இபிஎப் என்னும் ஊழியர் சேமநிதியிலிருந்து ஐ-சித்ரா என்ற திட்டம் வழியாக 2021-இல் மாதம் 1,000 வெள்ளி எடுத்துக்கொண்டிருந்த குடும்பங்கள் பல. அது நீங்கள் முதுமைக்கு வைத்திருந்த காசு, வருமானம் நின்றுபோன மாதங்களுக்காகத் திறந்துவிடப்பட்டது. அதை ஹோட்டல் முன்பணமாகக் கட்டாதீர்கள். கையில் உள்ள காசுக்குள் அடங்கும் கடற்கரை ஒன்று பேராக்கிலேயே இருக்கிறது.

ஐந்தாவது, மழையும் கடலும். கிழக்குக் கரைத் தீவுகளை இப்போதைக்கு மறந்துவிடலாம், நவம்பரிலிருந்து அங்கே வடகிழக்குப் பருவமழைக் காலம். மேற்குக் கரையிலும் பினாங்கு, லங்காவிப் பக்கம் செப்டம்பர், அக்டோபர்தான் மழை மிகுந்த மாதங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை அங்கே வெயில் காலம். லுமுட், சித்தியவான் வட்டாரம், தைப்பிங் மாதிரி மழை கொட்டும் ஊர்களோடு பார்த்தால் எப்போதும் காய்ந்த பகுதி. அங்கேயும் இந்த மாதங்களில் பிற்பகலில் இடி மழை வரும். அதனால் காலைப் பயணமே சரி.

தெலுக் பாத்தேக்: காலையில் போய் மதியம் திரும்புவது

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ, ஸ்ரீ இஸ்கண்டார், ஆயர் தாவார், சித்தியவான் வழியாக லுமுட் சுமார் 110 கிலோமீட்டர். லுமுட்டிலிருந்து தெலுக் பாத்தேக் இன்னும் ஆறேழு கிலோமீட்டர். பழைய சாலையிலேயே ஈப்போவுக்குப் போனால் டோல் இல்லை. ரோன்95 பெட்ரோல் 2021-இல் லிட்டர் 2.05 வெள்ளி, ஏசி போட்டு ஐந்து பேர் ஏறிய காடி லிட்டருக்கு 13 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்தால், போய்வர 36 வெள்ளி பெட்ரோல்.

மூடிய காற்று என்ற அளவுகோலில் இதற்கு இணை இல்லை. சொந்தக் காடியில் ஒரே வீட்டார் போய், சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு போனால், வேற்று ஆளோடு அடைத்த இடத்தில் இருக்கும் நேரம் கழிப்பறைக்குப் போகும் ஐந்து நிமிடம்தான். மாநிலம் தாண்ட வேண்டியதும் இல்லை. நாளைக்கே எல்லை விதிகள் மாறினாலும் நீங்கள் பேராக்குக்குள் இருப்பீர்கள். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது.

எப்படிப் போவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. செவ்வாய் அல்லது புதன்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் எட்டு, எட்டேகாலுக்குள் மணலில் கால் வைக்கலாம். பதினொன்றரைக்குச் சாமான்களைக் கட்டிவிடுங்கள். அந்த நேரத்தில்தான் வெயிலும் கூட்டமும் ஏறும். ஞாயிறு பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் அது வேறு கடற்கரை: காடி நிறுத்த இடம் இருக்காது, மரநிழல் எல்லாம் பாய் விரித்து முடிந்திருக்கும், ஒரு பாய்க்கும் அடுத்த பாய்க்கும் ஒரு கை தூரம்கூட இராது. அப்படியிருந்தால் விரிகுடாவின் ஓரத்துக்கு நடந்து போங்கள். பெரும்பாலோர் கடைகளுக்கு எதிரேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

கொண்டுபோக வேண்டியவற்றில் நல்ல தண்ணீரை மறக்காதீர்கள். குளியலறை மூடியிருந்தாலும், வரிசை நீண்டிருந்தாலும், ஐந்து லிட்டர் குப்பி இரண்டு இருந்தால் பிள்ளைகளின் உப்பைக் கழுவிவிடலாம். முகக்கவசம் ஆளுக்கு மூன்று எடுத்து, காய்ந்த பையில் போட்டு வையுங்கள். நனைந்த கவசத்தில் மூச்சும் வராது, அது பாதுகாப்பும் இல்லை. புளிச்சோறும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் மதியம் வரை கெடாது. சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டு நடக்காதீர்கள், குரங்குக்கு அந்தப் பையின் சத்தமே போதும். மூடி இறுகிய டப்பாவில் வைத்துக் காடிக்குள் பூட்டுங்கள்.

ஒரு கண்ணாடிக் குப்பி வினிகரும் எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கரை முழுக்க ஜெல்லிமீன் உண்டு. கொட்டிவிட்டால் மணல் போட்டுத் தேய்ப்பதும், நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுவதும் நம் ஆட்களின் முதல் வேலை. இரண்டும் தப்பு. தோலில் ஒட்டியிருக்கும் வெடிக்காத நச்சுப் பைகள் அதனால் வெடிக்கும். கொட்டிய இடத்தில் வினிகரை அரை நிமிடமாவது விடாமல் ஊற்றுங்கள், இழைகளைக் குச்சியாலோ துணி சுற்றிய கையாலோ எடுங்கள். மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, தடிப்பு பெரிதாக இருந்தாலோ நேராக மருத்துவமனைதான்.

அலை விஷயத்துக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தாலே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாள்களில் ஏற்ற இறக்கம் அதிகம். ஏற்றத்தில் தண்ணீர் மணலை விழுங்கிக்கொண்டு மேலே வரும், இறக்கத்தில் வெகுதூரம் உள்வாங்கும். உள்வாங்கும் நேரத்தில் தண்ணீர் கடல் பக்கம் இழுக்கும். ஒன்றரை வருஷமாகக் கடலில் கால் நனைக்காத பிள்ளை, தன் உயரம் மாறியிருப்பதை அறியாமல் பழைய தைரியத்தில் இறங்கும். இடுப்பளவுக்கு மேல் விடாதீர்கள். காவலுக்கு நிற்கும் பெரியவர் கரையில் பாயில் உட்கார்ந்திருக்கக் கூடாது, தண்ணீருக்குள் பிள்ளைகளுக்கும் ஆழத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும்.

யாருக்கு இது சரி: முதியவர், ஊசி போடாத சிறு பிள்ளைகள் உள்ள வீடு, நாள் கூலிக்காரர், விடுப்பு ஒரே ஒரு நாள் உள்ளவர். யாருக்குச் சரிவராது: வார நாளில் விடுப்பே கிடைக்காதவருக்கு. அவர் ஞாயிறு காலை எட்டிலிருந்து பத்து வரை மட்டும் இருந்துவிட்டு வரலாம், அல்லது வடக்கே தெலுக் செனாங்கின் பக்கம் போகலாம். அங்கே கடைகள் குறைவு, கூட்டமும் குறைவு, ஆனால் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர ஆள் இருக்காது.

பங்கோர்: ஓர் இரவு தங்குவது

லுமுட் வரை அதே பாதை. காடியை லுமுட்டில் கட்டணம் கட்டி நிறுத்திவிட்டுப் பெர்ரி ஏற வேண்டும். கடலில் இருபது நிமிடம் போல ஆகும். பெரியவருக்குப் போய்வர 2021-இல் 14 வெள்ளி. பெர்ரி முதலில் சுங்கை பினாங் கெச்சிலில் நிற்கும், அடுத்தது பங்கோர் டவுன். புதிதாகப் போகிறவர்கள் முதல் நிறுத்தத்திலேயே பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவதுண்டு. கடற்கரைகளான பாசீர் போகாக்குக்கும் தெலுக் நிப்பாவுக்கும் டவுனில் இறங்கி, இளஞ்சிவப்பு வேன் டாக்சி பிடிக்க வேண்டும்.

மூடிய காற்று: போகவர நாற்பது நிமிடம், அதோடு ஜெட்டியில் (படகுத்துறையில்) காத்திருக்கும் நேரம். பெர்ரி நிரம்பினால் அடுத்ததற்கு நில்லுங்கள். கடைசியில் ஏறி வாசல் பக்கம் இருங்கள், உள்ளே போய்ப் பேசாதீர்கள், கவசத்தைக் கழற்றாதீர்கள். இவ்வளவு கவனித்தால் இந்த நாற்பது நிமிடம் பெரிய பயமில்லை.

ஹோட்டலை விடச் சமையலறை உள்ள வீட்டு விடுதி எடுப்பது நல்லது. ஜன்னல் திறக்கும் அறை, தனிக் குளியலறை, வெளியிலிருந்தே நுழையும் வாசல், இந்த மூன்றையும் போனில் கேட்டுவிட்டுத்தான் முன்பணம் போடுங்கள். நான்காவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை: சோதனையில் தொற்று வந்து வர முடியாமல் போனால் பணத்தைத் திருப்பித் தருவீர்களா, தேதி மாற்றித் தருவீர்களா? பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் "பார்த்துக்கொள்ளலாம்" என்றவர்கள் பிறகு போனே எடுக்காத சங்கடத்தைத் தவிர்க்க இந்த ஒரு வரி போதும்.

பங்கோரில் இருப்பது ஒரு சிறு கிளினிக். பெரிய மருத்துவமனைக்குக் கடல் தாண்டித்தான் வர வேண்டும். மூச்சுத் தொல்லை, இருதய நோய் உள்ளவரைக் கூட்டிப் போக வேண்டாம் என்று சொல்வதற்கு அதுதான் காரணம். அங்கே இருக்கும் மீனவக் குடும்பங்களையும் நினைக்க வேண்டும். நாம் கொண்டுபோகும் நோயைத் தாங்க அந்தத் தீவில் படுக்கைகள் இல்லை. காலையில் சோதனை செய்துவிட்டுப் பெர்ரி ஏறுவது அவர்களுக்காகவும்தான்.

நல்ல பக்கம்: கடல் தெளிவாக இருக்கும், வார நாளில் தெலுக் நிப்பாவில் மணல் முழுக்க உங்களுக்கே. மாலையில் இருவாச்சிகள் மரத்துக்கு மரம் பறக்கும். தெலுக் கெடோங்கில் 1670-இல் கட்டிய டச்சுக்காரர் கோட்டை இருக்கிறது, பிள்ளைகளுக்கு அரை மணி நேர வேலை. மாசி மகத்துக்குப் பத்ரகாளியம்மன் கோயிலுக்கு வந்த பெரியவர்களுக்கு ஊர் பழக்கமானதுதான். திரும்பும்போது நெத்திலி வாங்கலாம். கையில் எடுத்து உடைத்தால் முறுக்கு மாதிரி நொறுங்க வேண்டும். வளைந்தால் காயவில்லை என்று பொருள், வீட்டுக்கு வருவதற்குள் வாடை வரும்.

யாருக்குச் சரி: பெரியவர்கள் எல்லாரும் ஊசி முடித்த வீடு, இரண்டு நாள் விடுப்பு உள்ளவர். ஒரே நாளில் போய்வருவது அவ்வளவு சரியில்லை. பெர்ரி, வேன் டாக்சி என்று அடைத்த நேரம் அதேதான், கடலில் இருக்கும் நேரம் மட்டும் பாதியாகிவிடும்.

பினாங்கு: பத்து பெரிங்கி

கோலகங்சாரில் நெடுஞ்சாலை ஏறினால் பத்து பெரிங்கி 160 கிலோமீட்டருக்குக் குறையாது. பெட்ரோல் போய்வர 50 வெள்ளி, நெடுஞ்சாலை டோல் தனி, பினாங்குப் பாலத்துக்குத் தீவு நோக்கிப் போகும்போது 5.74. காடி இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. சுங்கை சிப்புட் நிலையத்தில் நிற்கும் இடிஎஸ் ரயிலில் பட்டர்வொர்த் போய், படகு ஏறி, ஜெட்டியிலிருந்து 101-ஆம் எண் பேருந்து பிடித்தால் பத்து பெரிங்கி. 2021 ஜனவரியிலிருந்து பெர்ரிகள் காடி ஏற்றுவதில்லை, நடந்து வருகிறவர்கள் அப்போது விரைவுப் படகில்தான் போக வேண்டியிருந்தது. சொந்தக் காடியைப் பெர்ரியில் ஏற்றிப் போகலாம் என்று நினைத்துப் பட்டர்வொர்த் வரை போய்விடாதீர்கள்.

ஆனால் ரயில், படகு, பேருந்து மூன்றும் அடைத்த காற்று. காடியில் போனாலும் அங்கே இருப்பது அடுக்குமாடி ஹோட்டல்: லிஃப்ட், வரவேற்பறை, காலைச் சாப்பாட்டு வரிசை. மூன்றாம் நான்காம் மாடிக்குள் அறை கேட்டுப் படியேறினாலே பாதிப் பிரச்சினை தீரும். பத்து பெரிங்கி கடல் குளிப்பதற்கு அவ்வளவு உகந்ததும் இல்லை. கலங்கல், ஜெல்லிமீன். பலர் கடைசியில் ஹோட்டல் நீச்சல் குளத்தில்தான் இறங்குகிறார்கள். குளம் திறந்திருக்குமா என்பது, அரசு கட்டுப்பாடுகளைக் கட்டம் கட்டமாகத் தளர்த்திய மீட்சித் திட்டத்தில் அந்த மாநிலம் 2021-இல் எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதைப் பொறுத்திருந்தது. காசு கட்டுமுன் கேளுங்கள்.

இருந்தும் பினாங்குக்குப் போக நியாயமான காரணங்கள் உண்டு. பெரிய மருத்துவமனைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. தண்ணீர்மலைக்கு வேண்டுதல் பாக்கி வைத்திருப்பவர்கள் சேர்த்தே முடித்துவிடலாம். ஆனால் சொந்தக்காரர் வீட்டில் தங்கிச் செலவைக் குறைக்கலாம் என்று நினைத்தால், இரண்டு வீட்டு மூச்சு ஒன்றாகிறது என்பதையும் சேர்த்து நினையுங்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு பாட்டி இருப்பார். கடலுக்காக மட்டும் என்றால் பினாங்கு வேண்டாம் என்பதே எங்கள் கணிப்பு.

லங்காவி

2021 செப்டம்பர் 16-ஆம் தேதி சுற்றுலாவுக்கு முதலில் திறந்தது லங்காவிதான். அதனால் விளம்பரம் எல்லாம் அதைப் பற்றியே. இங்கிருந்து கோலக்கெடா 220 கிலோமீட்டருக்கு மேல், பெட்ரோல் மட்டும் எழுபது வெள்ளி. அங்கே காடி நிறுத்தக் காசு. பிறகு பெர்ரி ஒன்றே முக்கால் மணி நேரம், போகவர மூன்றரை மணி நேரம் ஏசி போட்ட அடைத்த அறை. தீவில் சுற்ற வாடகைக் காடி. மருத்துவமனை இருக்கிறது, அந்தப் பயம் பங்கோரை விடக் குறைவு. ஆனால் தொற்று வந்தால் பத்து நாள் ஹோட்டல் வாடகை, சாப்பாடு, தினமும் பேசி ஏற்பாடு செய்ய ஓர் ஆள், இவ்வளவையும் தாங்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் போக வேண்டாம்.

முதியவரும் சிறுபிள்ளையும் இல்லாத, ஊசி முடித்த கணவன் மனைவிக்கு, மூன்று இரவாவது தங்க முடியும் என்றால் லங்காவி நல்ல இடம். அதையும் ஜனவரிக்குத் தள்ளினால் மழையும் இருக்காது.

போர்ட்டிக்சனைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: இங்கிருந்து முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிப்போய்க் கோலாலம்பூர்க் கூட்டத்தோடு நிற்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

ஒரே பார்வையில்

| | தெலுக் பாத்தேக் | பங்கோர் | பினாங்கு | லங்காவி |
|---|---|---|---|---|
| ஒரு வழித் தூரம் | சுமார் 115 கி.மீ. | லுமுட் வரை 110 கி.மீ. | 160 கி.மீ. | கோலக்கெடா வரை 220 கி.மீ.க்கு மேல் |
| பெட்ரோல், போய்வர | 36 வெள்ளி | 35 வெள்ளி | 50 வெள்ளி | 70 வெள்ளி |
| அதற்கு மேல் | ஏறக்குறைய இல்லை | பெர்ரி, காடி நிறுத்தம், ஓர் இரவு | டோல், ஹோட்டல் | பெர்ரி, நிறுத்தம், வாடகைக் காடி, 3 இரவு |
| வேற்று ஆளோடு அடைத்த காற்று | சில நிமிடம் | 40 நிமிடமும் காத்திருப்பும் | ஹோட்டலைப் பொறுத்தது | மூன்றரை மணிக்கு மேல் |
| மாநில எல்லை | இல்லை | இல்லை | உண்டு | உண்டு |
| தொற்று வந்தால் | காடியில் வீடு | தீவில் சிக்கல் | ஹோட்டல் செலவு | தீவில் சிக்கலும் ஹோட்டல் செலவும் |

பொறுத்திருப்பது

இதையும் ஒரு வழியாகவே எடுத்துக்கொள்ளுங்கள், தோல்வியாக நினைக்க வேண்டாம். முன்களப் பணியாளர்களுக்கும் முதியவர்களுக்கும் மூன்றாவது ஊசி 2021 அக்டோபரில்தான் தொடங்கியது. வீட்டுப் பெரியவருக்கு அது கிடைத்து இரண்டு வாரம் ஆனபின் போனால் மனம் நிம்மதியாக இருக்கும். 12-லிருந்து 17 வயதுப் பிள்ளைகளின் இரண்டாவது ஊசியும் அதற்குள் முடியும். பினாங்கு, லங்காவிப் பக்கம் மழையும் ஓயும். இதன் மறைந்த செலவு, டிசம்பர் நடுவில் தொடங்கும் பள்ளி விடுமுறைக் கூட்டமும் ஏறிய அறை வாடகையும். பொறுப்பதென்றால் ஜனவரி வரை பொறுங்கள், டிசம்பரில் பாதி வழியில் இறங்காதீர்கள்.

கீமோ சிகிச்சையில் இருப்பவர், சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகிறவர், கைக்குழந்தை, நிறைமாதக் கர்ப்பிணி உள்ள வீட்டுக்கு எங்கள் பதில் இது ஒன்றுதான்.

தவிர்க்க வேண்டிய நாள்கள்

2021 அக்டோபர் 19, செவ்வாய், நபிகள் பிறந்தநாள் விடுமுறை. மறுநாள் பௌர்ணமி, அலையும் பெரிதாக இருக்கும். தீபாவளி அந்த வருஷம் நவம்பர் 4, வியாழன், அமாவாசை. மறுநாள் வெள்ளிக்கிழமை பேராக் சுல்தான் பிறந்தநாள். ஆக 4-லிருந்து 7 வரை நான்கு நாள் தொடர் விடுமுறை. பேராக்கில் உள்ள அத்தனை காடியும் லுமுட் சாலையில்தான் நிற்கும். தீபாவளிக்கு வெளியூரிலிருந்து மகனும் மகளும் வந்து தங்கியிருக்கும் நாள்களும் அவைதான். அவர்களோடு கலந்த வீட்டை அப்படியே பெர்ரியில் ஏற்றாதீர்கள். அக்டோபர் 26, 27 அல்லது நவம்பர் 9, 10, 11 பாருங்கள். வார நாள், அலையும் மட்டாக இருக்கும்.

போகுமுன்னும் வந்தபின்னும்

சோதனையை முந்தின நாள் இரவு செய்து பயனில்லை, புறப்படும் காலையில் செய்யுங்கள். எச்சில் வகைக் கருவி என்றால் அதற்கு முன் அரை மணி நேரம் சாப்பிடவும் குடிக்கவும் பல் தேய்க்கவும் கூடாது. காலைத் தேத்தண்ணி குடித்துவிட்டுத் துப்பினால் முடிவு கெட்டுப்போகும். பெட்டியில் எழுதிய நிமிடத்துக்குள் கோட்டைப் பாருங்கள், ஒரு மணி நேரம் கழித்துத் தெரியும் மங்கல் கோட்டுக்கு மதிப்பில்லை. கருவி 30 டிகிரிக்குக் கீழ் இருக்க வேண்டும். கூடுதல் கருவியைக் கடற்கரை வெயிலில் நிறுத்திய காடிக்குள் விட்டுவிட்டு வந்தால் அது வீண், பனிக்கட்டி படாமல் குளிர்ப்பெட்டியின் ஓரத்தில் வையுங்கள். யாருக்காவது தொண்டை கரகரப்பு, லேசான சளி என்றால் ஒற்றைக் கோடு வந்தாலும் அன்றைக்குப் பயணம் இல்லை.

பாட்டி வீட்டில் இருந்து நீங்கள் மட்டும் போய்வந்தால், வந்ததும் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். ஐந்து நாள் பாட்டி தனி அறையில் அல்லது கூடத்து மூலையில் மின்விசிறிக்கு முன்னால் படுக்கட்டும், சாப்பாடு தனித்தட்டில், பிள்ளைகள் மடியில் ஏறாமல். மூன்றாம் நாள் ஒரு சோதனை. காசு இடம் கொடுத்தால் ஐந்தாம் நாளும் ஒன்று. காசு ஒன்றுக்குத்தான் என்றால் ஐந்தாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் ஒற்றைக் கோடு விழுந்தால், வாங்கி வந்த நெத்திலியைப் பொரித்து, பாட்டியோடு ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடலாம்.